ராணி எறும்பைப் பிடிக்கணும்னா புத்தைத் தோண்டாதீங்க

எறும்பு வளக்குற ஹாபி பத்தி பேச்சு வந்தாலே முதல்ல வர்ற அட்வைஸ், "ஏதாவது ஒரு புத்தைத் தோண்டு, அடியில ராணி இருக்கும், எடுத்து டப்பாவுல போடு." ரெண்டாவது, "ரெக்கை இருந்தா அது ராணி." மூணாவது, "கூட்டத்துலயே பெருசா எது இருக்கோ அதான் ராணி." மூணுமே தப்பு. அதுலயும் முதல் அட்வைஸைக் கேட்டு எறங்கினா ஒரு கூடே நாசமாகும், ராணி கையில சிக்குறதும் ரொம்ப அபூர்வம், ஏன்னா நீங்க மண்ணை லேசா கிளறின உடனே அது ஆழமான அறைக்கு ஓடிடும்.

இந்த ஹாபில இருக்குறவங்க தேடுறது ஏற்கனவே ஆயிரக்கணக்கான பிள்ளைகளோட குடித்தனம் நடத்திட்டு இருக்குற ராணிய கிடையாது. இன்னும் ஒரு முட்டைகூட போடாம, தனியாளா தரையில அலைஞ்சிட்டு இருக்குற இளம் ராணிய. இது புரிஞ்சிட்டா எப்போ தேடணும், எங்க தேடணும், பிடிச்சதை எதுல வைக்கணும்ங்குறதெல்லாம் கிட்டத்தட்ட தானாவே புரிஞ்சிடும்.

## ராணின்னு பேரு, ஆனா ஆட்சி கிடையாது

பேரைக் கேட்டதும் அது உக்காந்து உத்தரவு போடும்னு தோணும். அப்படி எதுவும் நடக்கிறதில்ல. ராணியோட வேலை முட்டை போடுறது. தீனி தேடுறது, புழுவுக்கு ஊட்டுறது, கூட்டை சுத்தம் பண்றது, சண்டை போடுறது எல்லாம் வேலைக்கார எறும்புங்க வேலை. நாம தரையில வரிசையா பாக்குற அந்த வேலைக்கார எறும்புங்க எல்லாமே பெண்கள், பெரும்பாலும் அந்த ராணியோட சொந்த மகள்கள்.

எறும்புல ஒரு வினோதமான கணக்கு உண்டு. கருவுற்ற முட்டைல இருந்து பெண் வரும், கருவுறாத முட்டைல இருந்து ஆண் வரும். அதாவது ஆண் எறும்புக்கு அப்பாவே கிடையாது. பெண் முட்டைல இருந்து வர்ற புழு ராணியாகுமா வேலைக்காரியாகுமாங்குறது பெரும்பாலான இனங்கள்ல அதுக்கு கிடைக்கிற தீனியையும் வளர்ற சூழலையும் பொறுத்தது. இந்த ஆண்-பெண் கணக்கை கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ராணிய வச்சு வளக்குற டெஸ்ட் டியூப்ல பொறக்குறது என்னன்னு பாக்கும்போது இது தேவைப்படும்.

ஆயுசும் மலைக்க வைக்கும். ஐரோப்பாவுல சாதாரணமா காணப்படுற கறுப்பு தோட்டத்து எறும்பு, லாசியஸ் நைகர், அதோட ராணி ஒண்ணு ஆய்வுக்கூடத்துல 28 வருஷத்துக்கும் மேல உயிரோட இருந்ததா பதிவாகியிருக்கு. சரியா வளத்தா ஒரு நாயை விட அதிக காலம் உங்ககூட இருக்கும், அதனால ஆரம்பிக்கும் முன்னாடி கொஞ்சம் யோசிங்க.

இளம் ராணிய நான் ஒரு விதை மாதிரி நினைச்சுக்குவேன். விதைக்குள்ளயே முளைக்கத் தேவையான சத்து இருக்கு, வெளியில இருந்து ஈரமும் இருட்டும் கிடைச்சா போதும். மரம் ஒரு சீசன்ல ஏகப்பட்ட விதைய உதிர்க்கும், அதுல முளைச்சு மரமாகுறது விரல்விட்டு எண்ணுற அளவுதான். முளைச்சு மரமானதுக்கு அப்புறம் வேரைத் தோண்டி எடுத்து தொட்டில வச்சா பட்டுப்போகும். எறும்பு விஷயமும் அச்சு அசல் இப்படித்தான் போகுது, கீழே படிச்சிட்டு வரும்போது உங்களுக்கே தெரியும்.

## பறந்து போற அந்த ஒரு நாள்

ஒரு கூடு நல்லா வளந்து பெருசானதும் வருஷத்துல ஒரு குறிப்பிட்ட பருவத்துல ரெக்கை முளைச்ச இளம் ராணிகளையும் ரெக்கை உள்ள ஆண்களையும் உருவாக்கும். இவங்க எல்லாரும் கூட்டுக்குள்ளயே காத்திட்டு இருப்பாங்க. வானிலை சரியா அமைஞ்ச ஒரு நாள்ல, அந்த ஏரியாவுல இருக்குற அதே இனத்தோட பல கூடுகள்ல இருந்தும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல கிளம்பிப் பறக்கும். இதுக்குப் பேரு கலவிப் பறப்பு. ஒரே நேரத்துல கிளம்புறதுல ரெண்டு லாபம். வேற கூட்டு ஆணோட சேர வாய்ப்பு கிடைக்கும், கூடவே பறவைங்க எவ்வளவு தின்னாலும் தீராத அளவுக்கு கூட்டம் இருக்கும்.

அந்தக் கூட்டம் எவ்வளவு பெருசுன்னா, 2019 ஜூலைல பிரிட்டன் வானிலைத் துறையோட ரேடார்ல தென்கிழக்கு இங்கிலாந்து மேல மழை மாதிரி ஏதோ தெரிஞ்சுது, பாத்தா அது பறக்கும் எறும்புக் கூட்டம். அந்த ஊர்ல மக்கள் இதுக்கு "பறக்கும் எறும்பு நாள்"னு பேரே வச்சிருக்காங்க. ஆனா பொதுமக்கள் அனுப்பின தகவல்களைச் சேத்து ஆராய்ச்சி பண்ணினப்போ அப்படி ஒரே ஒரு நாள்லாம் கிடையாது, சீசன் பூரா பல நாள்ல பறக்குதுன்னு தெரிஞ்சுது. வெப்பம் 13 டிகிரிக்கு மேல, காத்து நொடிக்கு 6.3 மீட்டருக்குக் கீழ இருந்தப்போதான் அங்க பறந்திருக்கு. இந்த நம்பர் அந்த ஊருக்கு, அந்த இனங்களுக்கு. உங்க ஊர்ல அப்படியே எடுத்துக்காதீங்க, ஆனா வெதுவெதுப்பு, ஈரப்பதம், காத்தில்லாத நேரம் இந்த மூணும் சேந்தா சான்ஸ் அதிகம்ங்குறது பல இனங்களுக்குப் பொருந்தும்.

பறக்கும்போதோ தரையில எறங்கினதுமோ கலவி நடக்கும். அதோட ஆணோட கதை முடிஞ்சுது, சீக்கிரமே செத்துடும். ராணி அப்போ வாங்கின விந்தை வயித்துக்குள்ள ஒரு குட்டிப் பையில சேத்து வச்சுக்கும், அதுக்கு விந்துப்பைன்னு பேரு. அந்த ஸ்டாக்தான் ஆயுசு முழுக்க. பெரும்பாலான இனங்கள்ல ராணி திரும்ப ஒரு தடவை ஆணோட சேர்றதே இல்ல, அந்த ஒரு நாள் வாங்கினதை வச்சே வருஷக்கணக்கா மகள்களைப் பெத்துத் தள்ளும், சில இனங்கள்ல லட்சக்கணக்குல.

எறங்கினதும் முதல் வேலையா ரெக்கைய உதிர்த்துடும். ரெக்கையோட அடியில உடையுறதுக்குன்னே ஒரு கோடு இருக்கு, காலால நெம்பினா கழண்டு விழுந்துடும். அப்புறம் ஒரு நல்ல எடம் தேடி தரையில வேகமா ஓடும். கிடைச்சதும் சின்னதா ஒரு குழி தோண்டி உள்ள போய் வாசலை அடைச்சுக்கும். அதுக்கப்புறம் முதல் மகள்கள் வெளிய வர்ற வரைக்கும் தீனியே கிடையாது. இனி பறக்கவே போறதில்லையே, அதனால நெஞ்சுல இருக்குற பெரிய பறக்கும் தசைகளையும் சேத்து வச்ச கொழுப்பையும் கரைச்சு, அதுல இருந்து புழுங்களுக்கு ஊட்டும். இப்படி வாசலை அடைச்சிட்டு பட்டினியா குடும்பம் ஆரம்பிக்கிறதை மூடிய தொடக்கம்னு சொல்லலாம்.

ஆக இதுவரைக்கும் பாத்தது: பறப்பு, கலவி, ரெக்கை உதிர்றது, அலையுறது, அடைச்சுக்கிறது. நமக்கு வேண்டியது அந்த "அலையுற" நேரம் மட்டும். அது சில மணி நேரம்தான். அதுக்கு முன்னாடி பிடிச்சா கலவி ஆகாம இருக்கலாம், அதுக்குப் பின்னாடி மண்ணுக்குள்ள போயிடும்.

தோண்ட வேண்டாம்னு சொன்னதுக்கு காரணமும் இப்போ புரியும். வளந்த கூட்டு ராணிய எடுத்தா அந்தக் கூடு பல இனங்கள்ல கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சிடும், எடுத்த ராணிக்கும் பறக்கும் தசை எப்பவோ கரைஞ்சு போச்சு, ஊட்டிவிட ஆள் இல்லாம அது தனியா பொழைக்கிறது கஷ்டம். சரி, வேற கூட்டு எறும்பைக் கொண்டுவந்து துணைக்குப் போடலாமேன்னு ஒரு ஐடியா அடிக்கடி வரும். எறும்புங்க ஒண்ணை ஒண்ணு அடையாளம் தெரிஞ்சுக்கிறது உடம்பு மேல இருக்குற வாசனையை வச்சு, வாசனை மாறினா அந்நியன், அந்நியன்னா கடிச்சுக் கொன்னுடும். பறந்து எறங்குற இளம் ராணிங்கள்ல பெரும்பாலானது எப்படியும் பறவைக்கும் சிலந்திக்கும் மத்த எறும்புக்கும் இரையாகப் போகுது, அதுல ஒண்ணு ரெண்டை எடுக்குறதால அந்த இனத்துக்கு பெருசா பாதிப்பு இல்ல. தோண்டாதவங்களுக்குத்தான் இந்த ஹாபில நிம்மதி.

## எப்போ, எங்க தேடுறது

நல்ல மழை பெஞ்சு ஓஞ்சதும், இல்ல அதுக்கு அடுத்த நாள், காத்தில்லாம புழுக்கமா இருந்தா வெளிய கிளம்புங்க. மழைக்கு அப்புறம் ஏன்னா மண்ணு மெதுவா இருக்கும், ராணிக்கு குழி தோண்ட சுலபம், குழிக்குள்ளயும் ஈரம் நிக்கும்.

நேரம் இனத்துக்கு இனம் மாறும். லாசியஸ் நைகர் வெயில் காலத்து பிற்பகல்ல பறக்கும். தென் அமெரிக்காவுல இருந்து உலகம் பூரா பரவின நெருப்பெறும்பு, சொலினாப்சிஸ் இன்விக்டா, மழைக்கு அடுத்த நாள் பகல்ல கிளம்பும். கட்டெறும்பு வகையான கேம்போனோட்டஸ்ல நிறைய இனங்கள் பொழுது சாஞ்ச பிறகும் ராத்திரியும் பறக்கும், அதுங்க விளக்கு வெளிச்சத்துக்கு வந்து விழும். அதனால தெருவிளக்கு அடி, வெள்ளைச் சுவர், ஜன்னல் ஓரம் எல்லாம் ராத்திரில பாக்க வேண்டிய எடங்கள். ஒரு வெள்ளைத் துணியக் கட்டி பின்னாடி விளக்கு வச்சாலும் வரும், கூடவே உலகத்துல இருக்குற மத்த பூச்சியும் வரும், அதுக்கு ரெடியா இருங்க.

பகல்ல புல்லுக்குள்ள தேடுறதை விட நடைபாதை, சிமெண்ட் தரை, கார் நிறுத்துற எடம், வெறும் மண் தரை இப்படி வெட்டவெளியா இருக்குற எடத்துல தேடுங்க. ராணி அங்கதான் இருக்கும்னு அர்த்தம் இல்ல, அங்க இருந்தா கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். உதிர்ந்து கிடக்குற ரெக்கைங்க ஒரு நல்ல தடயம். முசுறு மாதிரி மரத்துல வாழுற இனமா இருந்தா தரையப் பாத்து பிரயோஜனம் இல்ல, அதோட ராணி இலைல உக்காந்து குடும்பம் ஆரம்பிக்கும். பச்சை கலந்த நிறத்துல, சிவப்பு வேலைக்கார முசுறுக்கு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.

## பெருசா இருந்தா ராணியா?

இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. சைஸ் ஒரு குறிப்புதான், ஆனா ஒரே இனத்துக்குள்ள ஒப்பிட்டா மட்டும். வீட்டுக்குள்ள திரியுற பாரோ எறும்போட ராணி சுமார் 4 மில்லிமீட்டர்தான், கட்டெறும்போட சின்ன வேலைக்காரிகூட அதைவிடப் பெருசு. அதனால "பெரிய எறும்பு பாத்தேன்"ங்குறது எதையும் நிரூபிக்காது.

பாக்க வேண்டியது மார்பு. எறும்போட உடம்பு தலை, மார்பு, இடுப்பு, வயிறுன்னு பிரிஞ்சிருக்கும், மார்புங்குறது காலெல்லாம் முளைச்சிருக்குற நடுப்பகுதி. வேலைக்கார எறும்புக்கு ரெக்கை எப்பவுமே முளைக்காது, அதனால அதோட மார்பு ஒல்லியா, குறுகலா இருக்கும். ராணிக்கு பறக்கும் தசை வேணும், அதனால மார்பு உப்பி, முதுகு கூன் போட்ட மாதிரி பெருசா, பல தகடுகளைச் சேத்து வச்ச மாதிரி கோடு கோடா பிரிஞ்சிருக்கும். ரெக்கை உதிர்ந்திருந்தா மார்போட ரெண்டு பக்கத்துலயும் சின்னதா தழும்பு தெரியும். லென்ஸ் இருந்தா தலை உச்சியில மூணு குட்டிப் புள்ளிக் கண்ணையும் பாக்கலாம், ராணிக்கு வழக்கமா இருக்கும், பல இனங்கள்ல வேலைக்காரிக்கு இருக்காது.

ஏமாத்துறவங்க நாலு பேர் இருக்காங்க. ரொம்ப ஏமாத்துறது சோல்ஜர் எறும்பு. ஃபைடோலி மாதிரி இனங்கள்ல சில வேலைக்காரிங்களுக்கு தலை மட்டும் பூதாகரமா இருக்கும், கட்டெறும்புலயும் பெரிய தலை வேலைக்காரி உண்டு. புதுசா வர்றவங்க போடுற "ராணி கிடைச்சிடுச்சு" போட்டோக்கள்ல பாதிக்கு இதுதான். தலையப் பாக்காம மார்பைப் பாத்தா ஒரு நொடியில தெரிஞ்சிடும், தலை அவ்வளவு பெருசு, மார்பு ஒல்லிக்குச்சி.

அடுத்தது ஆண் எறும்பு. ரெக்கை இருக்கும், ஆனா தலை ரொம்ப சின்னது, கண்ணு பெருசு, உடம்பு மெலிஞ்சு பாக்க ஒரு சின்ன குளவி மாதிரி இருக்கும். ரெக்கை இருக்குறதெல்லாம் ராணின்னு நம்பி இதை டியூப்ல போட்டா ரெண்டு மூணு நாள்ல செத்துடும், அப்புறம் "எறும்பு வளக்குறது ரொம்ப கஷ்டம்பா"ன்னு ஒரு புலம்பல் வரும்.

மூணாவது ஈசல். மழைக்கு அப்புறம் விளக்கைச் சுத்துறது பெரும்பாலும் இதுதான், இது கரையானோட ரெக்கை முளைச்ச கட்டம். எறும்புக்கும் கரையானுக்கும் சொந்தமே இல்ல, எறும்பு குளவி வம்சம், கரையான் கரப்பான்பூச்சி வம்சம். ஈசலுக்கு இடுப்பு குறுகாது, உடம்பு ஒரே தடிமனா போகும், நாலு ரெக்கையும் ஒரே நீளம், உணர்கொம்பு மணி கோத்த மாதிரி நேரா இருக்கும். எறும்புக்கு இடுப்பு ஊசி மாதிரி ஒடுங்கும், முன் ரெக்கை பெருசு பின் ரெக்கை சின்னது, உணர்கொம்பு முழங்கை மடக்கின மாதிரி வளைஞ்சிருக்கும். இந்த முழங்கை ஆண் எறும்புக்கு மட்டும் அவ்வளவா தெரியாது.

நாலாவது வெல்வெட் எறும்புன்னு சொல்லப்படுறது. பேர்லதான் எறும்பு, ஆளு ரெக்கை இல்லாத பெண் குளவி, உடம்பு பூரா வெல்வெட் மாதிரி முடி, பளிச்சுன்னு சிவப்போ ஆரஞ்சோ வெள்ளைப் புள்ளியோ இருக்கும். கொட்டினா வலி உயிர் போகும், அழகா இருக்கேன்னு கையில எடுக்காதீங்க.

சுருக்கமா ஒரு வரி: மார்பு உப்பலா, இடுப்பு ஒடுங்கலா, உணர்கொம்பு மடங்கலா இருந்தா ராணி. மத்ததெல்லாம் அப்புறம்.

## கலவி ஆச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்

வெளியில இருந்து பாத்து உறுதியா சொல்ல முடியாது. ரெக்கை உதிர்ந்து தரையில தனியா வேகமா ஓடிட்டிருந்தா பெரும்பாலும் ஆகியிருக்கும். ஆனா சில ராணிங்க கலவி ஆகாமலே ரெக்கைய உதிர்க்கும், சிலது கலவி ஆகியும் பல நாள் ரெக்கையோட சுத்தும். கூட்டு வாசல்ல நின்னுட்டு இருக்குற, இன்னும் பறக்காத ரெக்கை ராணிய எடுக்காதீங்க, அது கன்னி ராணி, அதால பிரயோஜனம் இல்ல.

நிஜமான டெஸ்ட், பொறக்குற பிள்ளைதான். ஆரம்பத்துல சொன்ன கணக்கு ஞாபகம் இருக்குல்ல? கலவி ஆகாத ராணியும் முட்டை போடலாம், ஆனா அது கருவுறாத முட்டை, ஆண்தான் வரும், ஆண் எந்த வேலையும் பாக்காது. அதனால முட்டை வந்ததும் கொண்டாட வேண்டாம், வேலைக்காரி வெளிய வரட்டும்.

## பிடிச்சதை எதுல வைக்கிறது

விரலால நசுக்கிப் பிடிக்காம ஒரு சின்ன டப்பாவை முன்னாடி வச்சு, தூரிகையாலயோ பேப்பர் துண்டாலயோ தள்ளிவிடுங்க, தானே ஏறிடும். ஒரு டப்பாவுக்கு ஒரு ராணி. டப்பாவை வெயில்ல வச்சிட்டு இன்னும் கிடைக்குதான்னு தேடப் போகாதீங்க, சில நிமிஷத்துல வெந்துடும். கொடுக்கு உள்ள இனங்களும் இருக்கு, பூச்சிக் கொட்டுனா அலர்ஜி ஆகுறவங்க கையில படாம பாத்துக்கிறது ரொம்ப முக்கியம்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய கண்ணாடித் தொட்டி, மண்ணு, செடின்னு செட் பண்ண ஆசை வரும். வேண்டாம். ராணி மண்ணுக்குள்ள தோண்டுறது தன் உடம்பு நுழையுற அளவு ஒரு குட்டி அறை, அதை நகலெடுக்க ஒரு டெஸ்ட் டியூப் போதும். மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் தண்ணி ஊத்தி, தண்ணியத் தொடுற மாதிரி பஞ்சை இறுக்கமா தள்ளணும், பஞ்சு நனையணும், ஆனா ஒழுகக் கூடாது. மிச்சம் இருக்குற காலி எடத்துல ராணி, வாய்ப் பக்கம் காஞ்ச பஞ்சு. முன்பக்க பஞ்சு வழியா காத்து போகும், பின்பக்க பஞ்சுல ஈரம் இருக்கும். இதைத் துணியால சுத்தி ஆட்டம் அசைவு இல்லாத ஒரு இருட்டான எடத்துல வச்சிடுங்க.

அப்புறம் வர்றதுதான் இந்த ஹாபிலயே கஷ்டமான பகுதி, சும்மா இருக்குறது. விதைய நட்டுட்டு முளைச்சிடுச்சான்னு தினமும் தோண்டிப் பாத்தா எப்படி? ராணிக்கு வெளிச்சமும் அதிர்வும் பட்டா பதட்டமாகும், பதட்டமானா தன் முட்டையத் தானே தின்னுடும். வாரத்துக்கு ஒரு தடவை, சில நொடி, அதுக்கு மேல தொடாதீங்க. சிவப்பு வெளிச்சம் பல எறும்புக்கு அவ்வளவா தெரியாது, அதனால சிவப்பு பேப்பர் ஒட்டின டார்ச்ல பாக்குறவங்க உண்டு.

சில நாள்லயோ ரெண்டு வாரத்துலயோ முட்டை வரும். முட்டைல இருந்து கால் இல்லாத புழு, புழுல இருந்து கூட்டுப்புழு, அதுல இருந்து எறும்பு. நல்ல வெதுவெதுப்பான எடத்துல முதல் வேலைக்காரி வர ஒரு மாசத்துல இருந்து ரெண்டு மாசம் வரைக்கும் ஆகும். குளிர் பிரதேச இனங்கள்ல சிலது குளிர்காலத்தைத் தாண்டின பிறகுதான் முட்டையே போடும். கூட்டைக் கலைச்சா எறும்புங்க வாயில கவ்விட்டு ஓடுற அரிசி மாதிரி வெள்ளை உருண்டை இருக்கே, அதை எல்லாரும் முட்டைன்னு சொல்றாங்க, அது பெரும்பாலும் புழுவும் கூட்டுப்புழுவும். நிஜ முட்டை பல இனங்கள்ல ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

முதல்ல வர்ற மகள்கள் ரொம்பக் குட்டியா இருக்கும். பட்டினில ஒரு தாய் தன் உடம்பைக் கரைச்சு ஊட்டினது, வேற எப்படி இருக்கும். அதுங்க வந்த பிறகு ஒரு ஊசிமுனை அளவு சர்க்கரைத் தண்ணியும் ஒரு பூச்சியோட சின்னத் துண்டும் வைக்கலாம். அதுக்கு முன்னாடி மூடிய தொடக்க இனத்துக்கு தீனி போடுறது உபகாரம் இல்ல, பூஞ்சை பிடிக்க வழி.

## இது என்ன இனம்?

"இது என்ன எறும்பு?"ன்னு ஒரு மங்கலான போட்டோவப் போட்டா யாராலயும் சொல்ல முடியாது. உலகத்துல பேர் வச்ச எறும்பு இனங்களே சுமார் 14,000 இருக்கு. இனம் வரைக்கும் போறது பல நேரம் நிபுணருக்கே மைக்ராஸ்கோப் இல்லாம ஆகாது. ஆரம்பிக்கிறவங்க பேரினம் வரைக்கும் போனா தாராளம். பேரினம்னா நெருங்கின சொந்தக்கார இனங்களைச் சேத்துக் கட்டின குழு, கேம்போனோட்டஸ், லாசியஸ் எல்லாம் பேரினப் பேர்.

முதல் கேள்வி, இடுப்புல எத்தனை கணு? மார்புக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற அந்த ஒடுக்கமான பகுதியில ஒரு மேடு இருக்கா ரெண்டு மேடு இருக்கான்னு பக்கவாட்டுல இருந்து பாக்கணும். ரெண்டு கணு இருந்தா பெரும்பாலும் நெருப்பெறும்பு, ஃபைடோலி, விதை சேக்குற மெஸ்ஸர் இதெல்லாம் இருக்குற குடும்பக் கிளை. ஒரு கணு இருந்தா கட்டெறும்பு, லாசியஸ், முசுறு பக்கம் போகலாம், இந்தக் கிளைக்கு கொடுக்கு கிடையாது, வயித்து நுனியில இருக்குற வட்ட ஓட்டை வழியா ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். ஒரு கணுவோட கொடுக்கும் இருந்து, வயித்துல முதல் வளையத்துக்கு அப்புறம் ஒரு இறுக்கமும் தெரிஞ்சா அது வேட்டையாடுற இன்னொரு கிளை. டியூப்ல வச்சு வளத்தா இன்னொரு க்ளூவும் கிடைக்கும், ரெண்டு கணு கிளையோட கூட்டுப்புழு பட்டுக்கூடு கட்டாது, உள்ள இருக்குற எறும்பு வெறுமனே வெள்ளையா தெரியும். லாசியஸும் கட்டெறும்பும் வழக்கமா பட்டுக்கூட்டுக்குள்ள இருக்கும்.

நெறத்தை நம்பாதீங்க, ஒரே இனத்துல கறுப்பும் வரும் பழுப்பும் வரும். போட்டோ எடுக்கும்போது பக்கவாட்டு, மேல இருந்து, முகம் நேரா, இந்த மூணு கோணமும் வேணும், பக்கத்துல ஒரு ஸ்கேல். எடம், தேதி, பிடிச்ச நேரம், மழை பெஞ்சுதா, விளக்குக்கு வந்துதா தரையில ஓடிட்டிருந்துதா, இதெல்லாம் டியூப் மேலயே எழுதி ஒட்டிடுங்க. போட்டோவை விட இந்தச் சீட்டு சில நேரம் அதிகமா உதவும், ஏன்னா எந்த மாசம் எந்த நேரம் பறக்குதுங்குறதே பாதி இனத்தைக் கழிச்சிடும். ஐநேச்சுரலிஸ்ட் தளத்துல போட்டோ போட்டா தெரிஞ்சவங்க சொல்வாங்க, ஆண்ட்வெப் தளத்துல மியூசிய மாதிரிகளோட க்ளோசப் படங்களை வச்சு நீங்களே ஒப்பிட்டுப் பாக்கலாம்.

## சில ராணியை அப்படியே விட்டுடுங்க

எல்லா ராணியும் பட்டினி கிடந்து ஆரம்பிக்காது. சில இனங்கள்ல ராணிகிட்ட அவ்வளவு சேமிப்பு இருக்காது, அதனால நடுவுல வெளிய வந்து வேட்டையாடி புழுவுக்கு ஊட்டும், இது பாதி மூடிய தொடக்கம். ஆஸ்திரேலியாவோட பெரிய தாடை எறும்பான மிர்மீசியா இப்படித்தான். அந்த மாதிரி ராணிக்கு ஆரம்பத்துல இருந்தே தீனி கொடுக்கணும், டியூபோட ஒரு சின்ன வெளியிடமும் வேணும். வேலைக்காரிக்கும் ராணிக்கும் சைஸ் வித்தியாசம் ரொம்பக் கம்மியா இருந்தா இந்த வகையா இருக்கலாம்னு சந்தேகப்படுங்க.

அடுத்தது புல்லுருவி ராணி. லாசியஸ் அம்பிரேட்டஸ்னு ஒரு இனம், அதோட ராணி தனியா குடும்பம் ஆரம்பிக்கவே முடியாது. வேற லாசியஸ் இனத்தோட வேலைக்காரி ஒண்ணைப் பிடிச்சுக் கொன்னு, அந்த வாசனையோட கூட்டுக்குள்ள நுழைஞ்சு, அங்க இருக்குற ராணிய ஒழிச்சுக் கட்டிட்டு, அந்தக் கூட்டு வேலைக்காரிங்களை வச்சே தன் பிள்ளைங்களை வளத்துக்கும். இதை டியூப்ல போட்டு மாசக்கணக்கா காத்திருந்தாலும் ஒண்ணும் நடக்காது. லாசியஸ்ல இந்த வகை ராணிக்கு தலை பெருசாவும் வயிறு ஒட்டினாப்லயும் இருக்கும்.

பட்டாளமா படையெடுத்துப் போற டோரைலஸ் வகை எறும்போட ராணிக்கு ரெக்கையே முளைக்காது, கூடு ரெண்டா பிரியும்போது பாதிப் படையோட கிளம்பும், தனியா அலையுறதே இல்ல. டயகம்மா, டைனோபொனேரா மாதிரி சிலதுல ராணிங்குற உருவமே கிடையாது, கலவி ஆன ஒரு வேலைக்காரியே முட்டை போட்டுக்கும். அந்தக் கூட்டைப் பாத்து "இதுல ராணி எங்க"ன்னு தேடினா கடைசி வரைக்கும் கிடைக்காது.

## ஊர் விட்டு ஊர் கொண்டுபோகாதீங்க

உங்க ஏரியாவுல பறந்து எறங்கினதை உங்க ஏரியாவுலயே வளக்குறதுக்கும், அதை இன்னொரு நாட்டுக்கு அனுப்புறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2025 மே மாசம் கென்யா கோர்ட், டெஸ்ட் டியூப்கள்ல சுமார் 5,000 எறும்புங்களோட பிடிபட்ட ரெண்டு பெல்ஜியம் இளைஞர்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டலன்னா 12 மாசம் ஜெயில்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதுல முக்கியமானது மெஸ்ஸர் செபலோட்டஸ்ங்குற பெரிய விதை சேக்குற எறும்பு, ஐரோப்பாவுலயும் ஆசியாவுலயும் எறும்பு வளக்குறவங்க ஆசைப்பட்டு வாங்குறது. அமெரிக்காவுல ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்கு உயிருள்ள எறும்பைக் கொண்டுபோகவே விவசாயத் துறை அனுமதி வேணும். காட்டுப் பூங்கா, சரணாலயத்துக்குள்ள இருந்து எதையும் எடுக்காதீங்க, உங்க ஊர்ச் சட்டத்தை ஒரு தடவை படிச்சிடுங்க.

இவ்வளவு கெடுபிடி ஏன்னா, நெருப்பெறும்பு 1930கள்ல கப்பல் வழியா அமெரிக்காவோட அலபாமா கடற்கரைக்கு வந்து எறங்கினது இன்னிக்கு வரைக்கும் அந்த ஊரால ஒழிக்க முடியல. கலவி ஆன ஒரு ராணிங்குறது ஒரு முழுக் கூட்டத்தோட ஆரம்பம். அதனால விலைக்கு வாங்கின வெளியூர் இனத்தை "பாவம்"னு தோட்டத்துல விடக்கூடாது. உங்க ஊர்லயே பிடிச்சது வளக்க முடியலன்னா பரவாயில்ல, டியூப் மேல எழுதி ஒட்டின சீட்டைப் பாத்து, பிடிச்ச அதே எடத்துல ஈரமான மண் பக்கம் சாயங்காலமா விட்டுடுங்க. வேலைக்காரிங்க ஏற்கனவே வந்திருந்தா எல்லாத்தையும் சேத்து, டியூபோட வாயைத் திறந்து ஒரு கல்லுக்கு அடியில வச்சா அதுங்களே எடம் பாத்துக்கும், காலி டியூபை மட்டும் ரெண்டு மூணு நாள் கழிச்சு மறக்காம எடுத்துட்டு வந்துடுங்க.